பார்க்காமல் போட்ட கோடு

பிப்ரவரி 9

மதிப்பீட்டு அதிகாரி அவர்களுக்கு,

கொழுந்தன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நேற்று என் தையல் கடைக்கு வந்தது கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஓர் அதிகாரி. அவருக்குத்தான் இந்த மரியாதை. போன் செய்ய வேண்டாம், எடுக்க மாட்டேன். காகிதத்தில் எழுதினால் மனிதன் கொஞ்சமாவது யோசித்துப் பேசுவான்.

என் மேல் இருக்கும் குற்றம் என்ன? காசநோய்க்காரர்கள் என் கண்முன்னால் மாத்திரையை விழுங்க வேண்டும். நான் பார்த்த பிறகு அவர்களுடைய சிகிச்சை அட்டையில் அன்றைய கட்டத்தில் கோடு போட வேண்டும். எல்லாரிடமும் அப்படித்தான் நடந்துகொள்கிறேன் என்பதை நீங்களே வீடு வீடாகப் போய் விசாரித்தீர்கள். கொத்தனார் ஒருவருக்கு மட்டும் பார்க்காமல் கோடு போட்டேன். ஆமாம், போட்டேன். நான் கடை திறக்கும் நேரத்தில் அவர் எங்கேயோ சாரத்தின் மேல் நிற்பார். அதனால் மாத்திரையை அவர் மனைவியிடம் கொடுத்தனுப்பினேன். அவள் என் கடையில்தான் பொத்தான் தைக்கிறாள். ஊரே அவளைப் பொத்தான் என்றுதான் கூப்பிடுகிறது. மறுநாள் காலியான மாத்திரை அட்டையைத் தவறாமல் கொண்டுவந்து தருவாள். எல்லாவற்றையும் பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். நீங்கள் அந்த டப்பாவை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, மேற்பார்வை நர்ஸ் முன்னால் சொன்னீர்கள்: "இதுக்குப் பேர் கண்காணிப்பு இல்ல. நம்பிக்கை."

அதோடு விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். டீயை உறிஞ்சிக்கொண்டே, "அண்ணன் விஷயத்துலயும் நீங்க இப்படித்தானே நம்பினீங்க" என்றீர்கள்.

உங்கள் அண்ணன் இதே நோயில் போன பிறகு தலையணையைப் பிரித்தபோது பஞ்சுக்குள்ளிருந்து மாத்திரைகள் கொட்டியதை நானும்தான் பார்த்தேன். நான் தைத்த தலையணை அது. அதன் ஓரத்தைப் பிரித்து, மாத்திரையைத் திணித்து, மறுபடியும் தைத்திருக்கிறார் அந்த மனிதர். தையல்காரி கண்ணுக்கே தெரியவில்லை. நீங்கள் சொல்லித்தான் அது என் நினைவுக்கு வர வேண்டுமா? வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச வேறு ஆளே கிடைக்கவில்லையா? இன்னொரு வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இந்த மாத்திரை வேலையையே ஏற்றுக்கொண்டேன்.

இப்படிக்கு,
உங்களுக்குத் தலை சீவிப் பள்ளிக்கு அனுப்பியவள்.


பிப்ரவரி 21

அண்ணி,

உறையின் மேல் 'மதிப்பீட்டு அதிகாரி அவர்கள்' என்று நீங்கள் எழுதியிருந்ததை ஆபீஸில் எல்லாரும் பார்த்தார்கள். ஏதோ புகார் வந்திருக்கிறது என்று நினைத்தார்கள். புகார்தானே.

டீ குடிக்கும்போது சொன்னதைச் சொல்லியிருக்கக் கூடாது. வாயிலிருந்து விழுந்ததுமே தெரிந்தது. உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் ஜீப்பில் ஏறிவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

மற்றதற்குக் கேட்க முடியாது. உங்கள் ஊருக்கு முன்னால் நான் போன ஓர் ஊரில், மாதம் பாதிகூட முடியவில்லை, அட்டையில் மாதக் கடைசி வரைக்கும் கோடு போட்டு வைத்திருந்தார்கள். கேட்டால், "நல்ல மனுசங்க சார், எப்படியும் சாப்பிட்டுருவாங்க" என்கிறார்கள். அவர்களைக் குறை எழுதிவிட்டு, என் அண்ணி என்பதால் உங்களை விட்டால் நான் எதற்கு ஊர் ஊராகப் போக வேண்டும்? காலி அட்டை மாத்திரை வெளியே வந்தது என்று மட்டும்தான் சொல்லும். யார் வயிற்றுக்குள் போனது என்று சொல்லாது. கொத்தனார் பாதி தின்று பாதி விட்டால் நோய் அந்த மருந்துக்குப் பழகிவிடும். பிறகு எதைக் கொடுத்தாலும் கேட்காது. அண்ணனுக்கு என்ன ஆனது என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை.

இன்னொன்று. கொத்தனார் வீட்டில் இருப்பவள் என்று பொத்தானுக்குப் பரிசோதனை செய்தபோது சளிக்குப் பதில் வெறும் எச்சிலைத் துப்பிக் கொடுத்திருக்கிறாள். மறுபடி அனுப்புங்கள்.

அறிக்கை போய்விட்டது. மாற்ற மாட்டேன்.

தம்பி


மார்ச் 10

அதிகாரி ஐயா,

உத்தரவுப்படி எல்லாம் நடக்கிறது. இப்போது விடிவதற்கு முன்பே கடை திறக்கிறேன். கொத்தனார் சைக்கிளை வாசலில் நிறுத்துகிறார். மாத்திரையைக் கையில் கொட்டுகிறேன், தண்ணீர் தருகிறேன், விழுங்குகிறார். "ஆ" என்கிறேன், வாயைத் திறக்கிறார். நாக்கைத் தூக்கச் சொல்கிறேன், தூக்குகிறார். என்னைவிட வயதில் மூத்த மனிதர். ஒருநாள் நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை இருந்தது. மறந்துவிட்டேன் என்றார். நான் டம்ளரை மறுபடி நிரப்பினேன். அவர் குடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே போனார். நீங்கள் சொன்னது சரிதான் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. அதற்காக உங்கள் மேல் கோபம் இன்னும் கூடியது.

எதிர்க்கடை டீக்காரர் அந்நேரத்துக்கே அடுப்பு மூட்டுகிறவர். பார்க்கட்டும் என்று விட்டேன். அவர் பார்த்தார், டீ குடிக்க வந்தவர்களும் பார்த்தார்கள். கொத்தனார் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர், சுவர் பாதியில் நிற்கும்போதே, "உடம்பு தேறினப்புறம் வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பேச்சில் வெண்ணெய், கையில் கத்தி. என் கட்டங்களில் மட்டும் கோடுகள் வரிசையாக இருக்கின்றன. அடுத்த முறை வந்தால் பாராட்டி எழுதுவீர்கள்.

பொத்தானை மறுபடி அனுப்பச் சொன்னீர்கள். அவள் இருமி நான் கேட்டதில்லை. நாள் முழுக்க என் மெஷின் ஓடும் கடையில் என்ன கேட்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். பரிசோதனைக்குப் போகச் சொன்னேன், அடுத்த வாரம் என்கிறாள்.

எல்லாரும் என்னை ஏமாற்றும் காலம்போல. போன மாதம் பொத்தானுக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தேன். அக்குள் பக்கம் ஆரஞ்சு நிறத்தில் கறை. உள்ளே வைத்துத் தைத்த லைனிங் துணி சாயம் போகிறது என்று ஜவுளிக்காரரிடம் சண்டை போட்டுத் துணியை மாற்றி வாங்கினேன். அவரும் சத்தியம் செய்கிறார், நல்ல துணிதானாம்.

அண்ணி


மார்ச் 31

தம்பி,

கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுதுகிறேன். உன் ஆபீஸுக்குப் போன் போட்டேன், எங்கேயோ மதிப்பீட்டுக்குப் போயிருக்கிறாய் என்றார்கள்.

கொத்தனார் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சட்டி, கரண்டி, மட்டப்பலகை எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு நகரத்துக்குப் பஸ் ஏறிவிட்டாராம். எங்கே தங்குவார் என்று பொத்தானுக்கே தெரியவில்லை. போனை ஏற்கெனவே விற்றுவிட்டார்கள். அவள் அழவும் இல்லை. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "வேலை தேடிப் போயிருக்காரு" என்று மட்டும் சொன்னாள்.

மாத்திரை என்னிடம்தான் இருக்கிறது. ஒன்றுகூட எடுத்துக்கொண்டு போகவில்லை.

அவர் கண்ணுக்கு எதிரே இருக்க வேண்டும் என்று சொன்னவன் நீதானே? இப்போது உன் நகரத்தில்தான் இருக்கிறார். தேடு.

அண்ணி


ஏப்ரல் 15

அண்ணி,

கிடைத்துவிட்டார். கூலியாட்கள் காலையில் கூடும் மேம்பாலத்தடியில் நாலைந்து நாள் நின்றேன். ஆபீஸ் சட்டையைப் பார்த்து ஆள் பிடிக்க வந்தவன் என்று நினைத்துப் பலர் என்னிடமே வேலை கேட்டார்கள். கடைசியில் ஒருவர், "இருமிக்கிட்டே பூசுவாரே, அவரா?" என்றார். அவர் சொன்ன கட்டடத்தில் கைப்பிடி வைக்காத மாடிப்படிகள் ஏறிப் போனேன். என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். நான் எதுவும் கேட்கவே இல்லை, அண்ணி. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது ஆபீஸுக்குப் போகும் வழியில் தினமும் நானே மாத்திரையும் தண்ணீர்ப் பாட்டிலும் கொண்டுபோகிறேன். இத்தனை வருடம் மற்றவர்கள் பார்த்தார்களா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இன்னொரு மனிதனின் வாய்க்குள் நானே குனிந்து பார்த்தது இப்போதுதான். நாலு நாள் போன பிறகு வாயைத் திறக்கச் சொல்வதை நிறுத்திவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறேன். டம்ளர் காலியாவதற்குள் அவர் விழுங்கிவிடுகிறார். அதுவும் பார்ப்பதுதானே.

நேற்று அவராகவே சொன்னார். "ஒரு நாள் நான், ஒரு நாள் அவ. அப்படித்தான் சாப்பிட்டோம்."

பொத்தானுக்கும் நோய் இருக்கிறது. அவரோடு சேர்ந்தே வந்திருக்கிறது. ஒரு நோயாளிக்கே வாடகை வீட்டின் சொந்தக்காரர் முகம் சுளிக்கிறார், இரண்டு பேர் என்று தெரிந்தால் சாமானைத் தெருவில் வைத்துவிடுவார் என்று பயந்து, எச்சிலைத் துப்பிக் கொடுத்துத் தப்பித்திருக்கிறாள். ஒருவர் மாத்திரையை இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். நீங்கள் நாக்கைத் தூக்கச் சொன்ன நாளிலிருந்து அவளுக்கு மாத்திரை இல்லை. அன்றைக்கு நாக்குக்கு அடியில் வைத்திருந்தது அவளுக்காகத்தான். பணம் சேர்த்து, யாருக்கும் தெரியாமல் அவளை இங்கே தனியார் டாக்டரிடம் காட்டலாம் என்று வந்திருக்கிறார்.

அவளை நாளைக்கே பரிசோதனைக்கு அனுப்புங்கள். மாத்திரை தின்றால் வேர்வையும் சிறுநீரும் ஆரஞ்சு நிறமாகும், அதில் அவள் மாட்டிக்கொள்வாளோ என்று இரண்டு பேரும் பயந்தார்களாம்.

அவருடைய சளியை, எந்த மருந்துக்கு நோய் கேட்கும் என்று பார்க்கும் பெரிய பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். பயமாக இருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 24

தம்பி,

அந்த வெள்ளைச் சட்டை. படித்ததும் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். கறையைக் கையில் பிடித்து, முகர்ந்து பார்த்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, ஜவுளிக்காரரை ஊர் கேட்க ஏசினேனே. துணியைப் பார்த்தேன், அதைப் போட்டிருந்தவளைப் பார்க்கவில்லை. தையல்காரி புத்தி. ஜவுளிக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை.

பொத்தானை நானே கூட்டிக்கொண்டு போனேன். நோய் இருக்கிறது. ஆனால் பழைய மாத்திரைக்கே கேட்குமாம். ஒழுங்காக முடித்தால் பிழைத்துக்கொள்வாள், நடுவில் விட்டால் சொல்ல முடியாது என்று டாக்டர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னார். அவர்கள் பயந்தபடியே வீட்டுச் சொந்தக்காரர் சாமானை வெளியே வைத்துவிட்டார். கடையின் பின்கட்டு அறையைக் காலி செய்து, ஜன்னலை அகலமாக்கி, அவளை அங்கே வைத்திருக்கிறேன். சில வாடிக்கைக்காரர்கள் துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். போகட்டும்.

மாத்திரை தின்ன அவள் ஒரு நிபந்தனை போட்டாள். பள்ளிக்கூட முதல் மணி அடிக்கும்போது அவரும் அங்கே விழுங்க வேண்டும், இவளும் இங்கே விழுங்குவாள். தினமும் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "அவரு முழுங்கியிருப்பாருல்ல?" என்று கேட்கிறாள். உன் கடிதத்தைக் காட்டுகிறேன். அப்புறம்தான் வாயில் போடுகிறாள். போனில் அவரோடு பேச வை.

நீ எழுதிய அறிக்கை சரி. நான் பார்க்காமல் போட்ட ஒவ்வொரு கோடும் தப்பு. நீ சொன்னபடி நான் பார்த்ததால்தான் அவர் ஓடினார் என்பதும் நிஜம். இரண்டையும் சேர்த்து எங்கே எழுதுவது, உன் படிவத்தில் அதற்கு இடம் இருக்கிறதா?

அண்ணி


மே 19

அண்ணி,

இடம் இல்லை. 'இதர குறிப்புகள்' என்று ஒரு வரி இருக்கிறது. அதுவும் சின்ன வரி.

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. கொத்தனாரின் நோய் முக்கியமான மருந்துகள் எதற்கும் கேட்காது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். கைநிறைய வேறு மாத்திரைகள், அதோடு ஊசி. தின்றதும் வாந்தி எடுக்கிறார். காதில் எந்நேரமும் வண்டு ரீங்கரிக்கிறதாம். பொத்தானோடு பேசுங்கள் என்று போனை நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டார். "அவ குரலைக் கேட்டா எந்திரிச்சு ஊருக்கு வந்துருவேன் தம்பி" என்றார். உங்களைப் போலவே அவரும் என்னைத் தம்பி என்கிறார்.

படுத்தபடியே ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்து, பூச்சு மட்டமே இல்லை, எவனோ மேஸ்திரி இல்லாத நேரத்தில் பூசியிருக்கிறான் என்றார். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம். காலையில் நான் போனதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "அவ முழுங்கினாளா?" உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டுகிறேன். அப்புறம்தான் அவர் மாத்திரையைத் தொடுகிறார்.

பொத்தானிடம் அவர் மாத்திரை எடுத்துக்கொள்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள். அது உண்மைதான்.

தம்பி


ஜூன் 25

தம்பி,

நல்ல சேதி. பொத்தானுக்கு மறுபரிசோதனையில் சளி சுத்தமாக வந்திருக்கிறது. கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது. மாத்திரை இன்னும் பாதிக்கு மேல் பாக்கி, ஆனாலும் டாக்டர் முதல் தடவையாக எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவரிடம் உடனே சொல். அதைக் கேட்டே அவருக்குப் பாதி நோய் போய்விடும்.

அண்ணி


ஜூலை 4

அண்ணி,

சொன்னேன். கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார், வெகுநேரம் விடவே இல்லை. "அது போதும் தம்பி" என்றார். சந்தோஷத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் கட்டில் காலி. முகச்சவரம் செய்துகொண்டு வருகிறேன் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. மேம்பாலத்தடி, பழைய கட்டடம், பஸ் நிலையம், பிணவறை எல்லாம் தேடிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. அவர் இருந்த நிலையில் மருந்து இல்லாமல் எத்தனை நாள் தாங்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நர்ஸ் வருவதற்குள் திருடனைப் போல அவர் தலையணையை முழுக்கத் தடவிப் பார்த்தேன். ஓரத்தையெல்லாம் விரலால் அழுத்தினேன். உள்ளே ஒன்றும் இல்லை. கடைசி நாள் வரைக்கும் அவர் எல்லாவற்றையும் விழுங்கியிருக்கிறார், அண்ணி. அவளுக்காகத் தாக்குப்பிடித்திருக்கிறார். அவள் தேறிவிட்டாள் என்று நான்தான் போய்ச் சொன்னேன்.

தம்பி


ஜூலை 10

தம்பி,

உன் மேல் தப்பில்லை. நான்தான் சொல்லச் சொன்னேன்.

ஆனால் இப்போது இவளை நான் என்ன செய்வது? அவர் போய்விட்டார் என்று தெரிந்தால் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுவாள். எனக்கு அவளைத் தெரியும். அவர் வழியிலேயே இவளும் போய்விடுவாள். இரண்டு உசிரும் என் கடை வாசலிலிருந்து போனதாக ஆகிவிடும்.

இவ்வளவு நாள் உன் கடிதத்தைக் காட்டித்தான் காலம் ஓடியது. இப்போது என் வார்த்தையில் ஏதோ தடுமாற்றத்தைக் கண்டுவிட்டாள்போல. புதுக் கடிதம் எங்கே என்று தினமும் கேட்கிறாள். அவர் மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொள்கிறார் என்று ஒரு வரி, தனித்தாளில் எழுதி அனுப்பு. கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் என்று தெரியும். உன்னிடம் போய்க் கேட்கிறேன் பார்.

அண்ணி


ஜூலை 17

அண்ணி,

மூன்று தாள் கிழித்த பிறகு எழுதியது இதோடு இருக்கிறது. ஒரே ஒரு வரிதான். கையெழுத்துப் போடவில்லை, என் எழுத்தே அவளுக்குத் தெரியும்.

எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேரை நான் இதற்காகத்தான் குறை எழுதினேன். அவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் பார்க்காமல் கோடு போட்டிருப்பார்கள் இல்லையா?

அவளிடம் வாசித்துவிடுங்கள். பிழைக்கட்டும்.

தம்பி


ஜூலை 26

அன்புள்ள தம்பி,

உன் தாள் வந்த மறுநாள், பள்ளி மணி அடிக்கும் நேரத்தில் பொத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். நன்றாகத்தான் வாசித்தேன், குரல்கூட நடுங்கவில்லை. அவள் மாத்திரையைக் கையில் ஏந்தியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் கேட்டாள்: "தம்பி கண்ணால பாத்தாராக்கா?"

அவள் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தினமும் தன்னை நான் பார்க்கிறேனே, அதே நினைப்பில் கேட்டுவிட்டாள். பார்த்தார் என்று ஒரு வார்த்தைதான். வாய் வரைக்கும் வந்தது. என்னால் சொல்ல முடியவில்லை, தம்பி. மெஷினில் நூல் மாட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். மணி அடித்து ஓய்ந்தது. அவள் மாத்திரையை மேஜை மேல் வரிசையாக வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போய் எல்லாவற்றையும் சொன்னேன். மேம்பாலம், ஊசி, காது, சுவர்ப் பூச்சைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் சிரித்தது, தலையணை காலியாக இருந்தது, எல்லாம். சுவர்ப் பக்கம் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குக் கட்டம் காலி. மறுநாளும் காலி. தண்ணீரும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு போய் நின்றேன், அவள் திரும்பவில்லை. கோடு போட எனக்குக் கை பரபரத்தது. போடவில்லை. நீ வந்து பார்க்கும்போது அந்த இரண்டு கட்டமும் அப்படியே இருக்கும், குறை எழுதிக்கொள்.

இன்று காலை அவளாகவே வந்து பொத்தான் டப்பாவைத் திறந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "நான் முழுங்கினேன்னு அவருக்கு இனிமே யாரு சொல்லுவாங்கக்கா?" என்றாள். மாத்திரையைக் கொடுத்தேன். மணி எப்போதோ அடித்து முடிந்திருந்தது. ஒவ்வொன்றாக விழுங்கினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. வாயைத் திறக்கச் சொல்லவில்லை, அவளாகவே திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

கோடு போட்டேன். நாளைக்கு வருவாளா தெரியாது. அவரைத் தேடுவதை மட்டும் நீ நிறுத்திவிடாதே.

உன் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். கிழித்துப் போட மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. பார்க்காமல் போட்ட கோடு இனி நம் வீட்டில் வேண்டாம்.

அண்ணி